வாசலில் வைத்த பழந்துணிப் பை எங்கே போகிறது?

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் குடிபோன சில வாரங்களிலேயே தபால்பெட்டியில் ஓர் அட்டை வந்துவிடும். இன்ன தேதியில் எங்கள் லாரி உங்கள் தெருவுக்கு வருகிறது. வேண்டாத துணிமணி, பாத்திரம், பொம்மை, புத்தகம் இருந்தால் பையில் போட்டு, இந்த அட்டையை மேலே ஒட்டி, காலையிலேயே வாசலில் வைத்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. கீழே ஓர் அறக்கட்டளையின் பெயர், பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினருக்கானது. மாலையில் வந்து பார்த்தால் பை இருக்காது. கதவிடுக்கில் ஒரு ரசீது செருகியிருக்கும். அதில் பொருளின் மதிப்பை எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும்.

குழப்பம் அந்தக் காலியிடத்திலேயே ஆரம்பிக்கிறது. நான் கொடுத்த சட்டையை ஒரு முன்னாள் ராணுவ வீரர் போட்டுக்கொள்வாரா? அப்படியென்றால் அதே சட்டை பக்கத்துப் பழம்பொருள் கடையில் ஆறு டாலருக்கு ஏன் தொங்குகிறது? கடை நடத்துவது லாப நோக்குள்ள கம்பெனி என்று செய்தியில் படித்தோமே, அது எப்படி? சிலி நாட்டுப் பாலைவனத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும் துணிகளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம் கூடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: லாரியில் ஏறியதுமே அந்தச் சட்டை சரக்காகிவிடுகிறது. அறக்கட்டளைக்கு வேண்டியது சட்டை அல்ல, அதை விற்றால் கிடைக்கும் காசு.

பாத்திரக்காரரும் அறக்கட்டளையும்

நம்மூர்த் தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நாலு புடவை, இரண்டு பேன்ட் கொடுத்தால் ஓர் எவர்சில்வர் தூக்கு கிடைக்கும். பேரம் நடக்கும், புடவையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்பார்கள். அந்தப் புடவையை அவர் வீட்டில் யாரும் கட்டுவதில்லை, அது சந்தைக்குப் போகிறது. அமெரிக்க ஏற்பாட்டிலும் இதே ஓட்டம்தான். தூக்குக்குப் பதிலாக ரசீது, பேரத்துக்குப் பதிலாக நல்லெண்ணம்.

இதை யாரும் ரகசியமாக ஆரம்பிக்கவில்லை. 1902-இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் கோணிப்பையோடு வசதியானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பழைய துணிகளை வாங்கி வந்தார். அவற்றை ஏழைகளுக்கு அப்படியே விநியோகிக்கவில்லை. தைக்கவும் பழுது பார்க்கவும் அவர்களையே வேலைக்கு வைத்து, சரிசெய்த துணியை விற்று, அந்தக் காசில் கூலி கொடுத்தார். அதுதான் பின்னாளில் குட்வில் என்ற பெரிய அமைப்பானது. இன்றும் குட்வில் கடைகளின் வருமானம் வேலைப் பயிற்சிக்கும் வேலை தேடித் தருவதற்கும் போகிறது. சால்வேஷன் ஆர்மியின் கடை வருமானம் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான மையங்களுக்குப் போகிறது. பொருளை விற்றுத் தொண்டு செய்வது நூறு வருடத்துக்கு மேல் பழைய வழி.

மூன்று வகை லாரிகள்

அட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பின்னால் நடப்பது ஒன்றல்ல.

1. அறக்கட்டளையே லாரியும் வைத்து, கடையும் நடத்துவது. சால்வேஷன் ஆர்மி இப்படி. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி, 1991-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் முதலில் திறந்த ரீஸ்டோர் கடைகளும் இப்படித்தான். ரீஸ்டோருக்குச் சோபா, மேசை, கதவு, ஜன்னல் போன்ற பெரிய பொருள்கள்தான் முக்கியம். லாரி, ஓட்டுநர், கடை வாடகை எல்லாச் செலவும் அறக்கட்டளையின் தலையில். மிச்சம் முழுவதும் அவர்களுக்கு.

2. அறக்கட்டளை லாரி அனுப்பிச் சேகரித்து, மொத்தமாக எடைக்கு ஒரு கம்பெனியிடம் விற்றுவிடுவது. கம்பெனி கடை நடத்தி லாபம் பார்க்கும். இந்த வகையில் மிகப் பெரியது சேவர்ஸ் வேல்யூ வில்லேஜ். 1954-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கடையாகத் தொடங்கியது. இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 300-க்கு மேற்பட்ட கடைகள். 2023 ஜூனிலிருந்து நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது.

3. சேகரிப்பதும் ஒப்பந்தக் கம்பெனி, விற்பதும் அதுவே. அறக்கட்டளை தன் பெயரைப் பயன்படுத்த அனுமதித்து, அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, மூன்றாவது வகைகளைக் கேட்டதும் 'ஏமாற்று' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வாசல்வாசலாக லாரி ஓட்டுவது இந்தத் தொழிலிலேயே மிகச் செலவான வழி. ஒரு தெருவில் மூன்று பை, அடுத்த தெருவில் ஒன்றுமில்லை. ஓட்டுநருக்குச் சம்பளம், டீசல், அட்டை அச்சடிக்கும் செலவு, தொலைபேசியில் அழைப்பவர்களுக்குக் கூலி. சின்ன அறக்கட்டளையால் இதற்கு மேல் கடையும் நடத்த முடியாது. வருவது குறைவாக இருந்தாலும் மாதாமாதம் உறுதியாக வருகிற காசு அவர்களுக்குப் பெரிது. நன்கொடையாளரிடம் இதை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்பதில்தான் தகராறு.

நீதிமன்றம் வரை போன விவகாரம்

2015-இல் மினசோட்டா மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் லோரி ஸ்வான்சன் சேவர்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். மக்கள் கொடுக்கும் பொருளில் அறக்கட்டளைக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கம்பெனி மறைக்கிறது என்பது குற்றச்சாட்டின் சாரம். அதே ஆண்டு சமரசம் ஆனது. சம்பந்தப்பட்ட அறக்கட்டளைகளுக்கு மொத்தம் 18 லட்சம் டாலர் கொடுக்கவும், நடைமுறைகளை மாற்றிக்கொள்ளவும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அடுத்தது வாஷிங்டன் மாநிலம். 2017 டிசம்பரில் அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். கடையில் பொருள் வாங்கினாலே அறக்கட்டளைக்குப் பணம் போகிறது என்ற எண்ணத்தைக் கம்பெனியின் விளம்பரங்கள் உண்டாக்குகின்றன என்பது அவர் வாதம். உண்மையில் அறக்கட்டளைக்குப் பணம் கிடைப்பது சரக்கு வந்து சேரும்போது, அதன் அளவை வைத்து. கடையில் அது ஆறு டாலருக்கு விற்றாலும் அறுபது டாலருக்கு விற்றாலும் அறக்கட்டளையின் பங்கு மாறாது. கீழ் நீதிமன்றம் மாநிலத்தின் வாதங்களில் சிலவற்றை ஏற்றது. ஆனால் 2023 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம் பேச்சுரிமை.

இந்த இடத்தில்தான் பலர் குழம்பிவிடுகிறார்கள். பழந்துணிக்கும் பேச்சுரிமைக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்கச் சட்டப்படி, அறக்கட்டளைக்காக நிதியோ பொருளோ கேட்பது அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு பெற்ற பேச்சு. சாதாரண சோப்பு விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவதுபோல அதை எளிதாகக் கட்டுப்படுத்த முடியாது. 1988-இல் வட கரோலினா மாநிலச் சட்டம் ஒன்றைப் பற்றிய ரைலி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'வசூலில் இத்தனை சதவீதம்தான் அறக்கட்டளைக்குப் போகிறது' என்று கேட்கும்போதே அறிவிக்கும்படி, கூலிக்கு நிதி திரட்டுபவரை மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது. 'நான் கூலிக்கு வேலை செய்பவன்' என்று சொல்ல வைக்கலாம். பச்சைப் பொய் சொன்னால் மோசடி வழக்குப் போடலாம். அதை 2003-இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

உங்கள் வாசலுக்கு வரும் அட்டையில் அறக்கட்டளையின் பெயர் பெரிதாக இருந்து, சதவீதம் எங்குமே இல்லாததற்குப் பின்னால் இந்த ரைலி தீர்ப்பு இருக்கிறது. சொல்லும்படி சட்டம் வற்புறுத்த முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பை திறக்கப்பட்ட பிறகு

கிடங்கில் பை கொட்டப்பட்டதும் ஒருவர் ஒரு துணியைப் பார்க்கச் சில நொடிகள்தான் செலவிடுவார். அக்குள் கறை, கழுத்துப் பட்டையின் அழுக்கு, ஜிப், லேபிள். அவ்வளவுதான். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம்மவர்கள் சொன்னது உடுத்துபவருக்கு. இங்கே அது கொடுப்பவருக்கு. துவைக்காத ஒரு சட்டையின் வாடை மொத்தப் பையையும் ஒதுக்க வைக்கும். ஈரமாக ஒன்று இருந்தால் பூஞ்சை பிடித்து மற்றவையும் வீண்.

தேறிய துணிக்கு விலைச்சீட்டு மாட்டிக் கடையில் தொங்கவிடுவார்கள். பல கடைகளில் சீட்டின் நிறம் வாரத்துக்கு வாரம் மாறும். பழைய நிறத்துக்குத் தள்ளுபடி, அதற்கும் போகாவிட்டால் இறக்கிவிடுவார்கள். குட்வில் போன்றவர்களுக்கு இதற்குப் பிறகும் ஒரு படி உண்டு. துணியைப் பெரிய தொட்டிகளில் கொட்டி எடைக்கு விற்கும் கடை. கையுறை போட்டுக்கொண்டு கிளறுகிறவர்களில் பாதிப் பேர் வாங்கி இணையத்தில் விற்கும் சில்லறை வியாபாரிகள் போலத்தான் தெரியும்.

அங்கும் போகாததை அழுத்திக் கட்டி பேல் ஆக்குவார்கள். நம் பஞ்சு வியாபாரத்தில் சொல்லும் அதே பேல்தான். இந்தத் தொழில் செய்பவர்களின் சங்கமான ஸ்மார்ட் சொல்லும் கணக்கு இது: சேகரித்த துணியில் சுமார் 45 சதவீதம் மறுபடி உடையாகவே போகிறது, 30 சதவீதம் துடைக்கும் துணியாகிறது, 20 சதவீதம் நாராகக் கிழிக்கப்படுகிறது, 5 சதவீதம் குப்பை. தொழில் செய்பவர்களே சொல்வது என்பதால் இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த நான்கு வழிகளும் உண்மை. துடைக்கும் துணி என்றால், பருத்தி டி-ஷர்ட்டை வெட்டி எண்ணெய் துடைக்கக் கொடுப்பது. நம்மூர் மெக்கானிக் ஷாப்பில் 'பனியன் வேஸ்ட்' என்று கிலோ கணக்கில் வாங்குவார்களே, அதே பண்டம்.

வீட்டுப் பொருள்களின் கதை இவ்வளவு நல்லதல்ல. துணிக்குக் கடைசிவரை ஏதோ ஒரு விலை இருக்கிறது. உடைந்த டோஸ்டருக்கும் துண்டு குறைந்த ஜிக்ஸா புதிருக்கும் அதுகூடக் கிடையாது. குப்பைக்குப் போடவும் காசு கொடுக்க வேண்டும். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் பகுதியின் குட்வில் அமைப்பு குப்பை அகற்றுவதற்கு மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவிடுவதாக 2021-இல் வெளிப்படையாகவே புலம்பியது. 'யாருக்காவது உபயோகப்படும்' என்று நினைத்து வைக்கும் உடைசலுக்கு அறக்கட்டளை தன் கைக்காசைக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

கடல் தாண்டிய பேல்

பழைய துணி ஏற்றுமதியில் உலகில் முன்னணியில் இருப்பது அமெரிக்கா. பேல்கள் குவாத்தமாலாவுக்கும் சிலிக்கும் பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. பிரித்துப் பார்க்காமல், நன்கொடையாளர் கட்டிய பையோடு அப்படியே விற்கப்படும் சரக்குக்கு இந்தத் தொழிலில் 'கிரெடென்ஷியல்' என்று பெயர். நல்ல துணி கிடைக்கும் வாய்ப்பு அதில் அதிகம் என்பதால் அதற்கு மவுசும் அதிகம்.

கென்யாவில் இதற்கு 'மிடும்பா' என்று பெயர். சுவாஹிலியில் மூட்டைகள் என்று பொருள். கானாவில் 'ஒப்ரோனி வாவு', அதாவது செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி. உயிரோடு இருப்பவர் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடுவாரா என்று கேட்டதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கான்டமான்டோ சந்தையில் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் பேலைப் பிரிக்காமலே கடன் வாங்கி வாங்குகிறார்கள். உள்ளே நல்லது இருந்தால் பிழைப்பு, கறையும் கிழிசலும் இருந்தால் கடன். 2025 ஜனவரி முதல் தேதி இரவில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்துபோனது.

ஏழை நாட்டுக்குத் துணி கிடைப்பது நல்லதுதானே என்ற கேள்விக்கு ருவாண்டா சொன்ன பதில் சுவையானது. உள்ளூர் நெசவையும் தையலையும் வளர்க்க வேண்டும் என்று 2016-இல் பழந்துணி மீதான வரியைக் கிலோவுக்கு 20 சென்டிலிருந்து 2.50 டாலராக உயர்த்தியது. கென்யா, தான்சானியா, உகாண்டாவும் இந்த இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவதாகத்தான் சொல்லியிருந்தன. மேலே சொன்ன ஸ்மார்ட் சங்கம் அமெரிக்க அரசிடம் முறையிட்டது. மற்ற நாடுகள் பின்வாங்கின. ருவாண்டா பின்வாங்கவில்லை. 2018 ஜூலையில் அதன் ஆயத்த ஆடைகளுக்கான வரிச் சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது. வாசலில் வைத்த பைக்காக ஒரு வர்த்தகச் சண்டையே நடந்திருக்கிறது!

இந்தியாவின் கதை வேறு. பழைய உடைகளைக் கொண்டுவந்து உள்நாட்டில் விற்க உரிமம் வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஆனால் உடுத்த முடியாதபடி வெட்டிய கந்தலாக வந்தால் தடை இல்லை. அதனால் கம்பளி ஸ்வெட்டர்கள் குறுக்கும் நெடுக்கும் வெட்டுப்பட்டு ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வருகின்றன. அங்கே பெண்கள் உட்கார்ந்து ஜிப், பட்டன், லேபிள் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து, நிறவாரியாகக் குவிக்கிறார்கள். சிவப்புக் குவியல் சிவப்பு நூலாகவும் நீலம் நீல நூலாகவும் திரும்புவதால் பெரும்பாலும் சாயம் போட வேண்டிய வேலை இல்லை. இந்த நூலுக்கு ஷாடி என்று பெயர். 1813 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த தொழில்நுட்பம். வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் நிவாரண முகாம்களில் கொடுக்கிறார்களே, அந்தச் சொரசொரப்பான போர்வைகளில் பல இப்படித்தான் உருவாகின்றன.

அந்தக் காலி ரசீது

இனி ரசீதுக்கு வருவோம். வருமான வரியில் கழிவு கேட்கத்தான் அது. மதிப்பை அறக்கட்டளை எழுதாது. கொடுத்தவர்தான் எழுத வேண்டும். அது வாங்கிய விலை அல்ல; பழம்பொருள் கடையில் இன்று என்ன விலைக்குப் போகுமோ அது. 80 டாலர் ஜீன்ஸ் என்றாலும் கணக்கில் பத்துப் பன்னிரண்டு டாலர்தான் தேறும். விதிகள் சுருக்கமாக:

1. 2006 ஆகஸ்டிலிருந்து, 'உபயோகித்தது, ஆனால் நல்ல நிலையில் உள்ளது' என்று சொல்லத்தக்க துணிக்கும் வீட்டுப் பொருளுக்கும் மட்டுமே பொதுவாக வரிக் கழிவு.

2. ஒரே தடவையில் 250 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் அறக்கட்டளையின் எழுத்துபூர்வ ஒப்புகை கட்டாயம். என்னென்ன கொடுத்தோம் என்ற பட்டியலும் ஒரு போட்டோவும் வைத்துக்கொள்வது எப்போதுமே நல்லது.

3. ஆண்டு முழுவதும் கொடுத்த பொருள்களின் மொத்த மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் 8283 என்ற படிவம். ஒரே பொருளோ ஒரே வகைப் பொருள்களோ 5,000 டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்றும் வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கலாம்: இது உங்களுக்குப் பொருந்துமா? வரிக்கணக்கில் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் காட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கழிவு. பட்டியல் காட்டாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய தொகைக்கு நிலையான கழிவு என்று பெயர்; 2025-க்குத் தம்பதியருக்கு அது 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி எல்லாம் சேர்த்து அதைத் தாண்டாத குடும்பத்துக்கு, வாடகை வீட்டில் இருக்கும் பெரும்பாலான நம்மவர்களுக்கு, ரசீதால் ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. 2026-லிருந்து நிலையான கழிவு எடுப்பவர்களும் தம்பதியருக்கு 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு கோரலாம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது. அது பணமாகக் கொடுத்தால்தான், துணிக்கு இல்லை. இதைக் கவனிக்காமல் ரசீதுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பவர்கள் உண்டு.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

சரக்கு என்ற பார்வையில் பார்த்தால் விடை தானாக வந்துவிடும்: கடையில் விற்க முடியுமா, அதுவும் சட்டப்படி விற்க முடியுமா?

மெத்தையை மூட்டைப்பூச்சி பயத்தால் பலர் தொடமாட்டார்கள். பக்கவாட்டுக் கம்பித் தடுப்பு கீழிறங்கும் பழைய குழந்தைத் தொட்டிலை 2011 ஜூன் மாதத்திலிருந்து விற்பதே சட்டவிரோதம். காலாவதி தேதி தாண்டிய குழந்தைக் கார் சீட்டும் அப்படியே திரும்பும். ஊரிலிருந்து சூட்கேஸில் சுமந்து வந்த 230 வோல்ட் மிக்ஸியை வைப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். கடையில் சோதிக்கச் செருகினால் சரியாக ஓடாது, குப்பைக்குப் போய்விடும்.

புடவை தனிக் கேஸ். அளவும் இல்லை, கையும் இல்லை, ஐந்தரை மீட்டர் துணி. கடைக்காரர் அதை எந்தப் பிரிவில், எந்த ஹேங்கரில் மாட்டுவார்? திரைச்சீலையோடு போனாலும் போகும். நாட்டிய வகுப்பு நடத்துபவர்களையோ ஊர்த் தமிழ்ச் சங்கத்தையோ முதலில் கேட்டுப் பார்ப்பதே மேல். அப்புறம், பையைக் கட்டும் முன் எல்லாப் பாக்கெட்டுகளிலும் கைவிட்டுப் பாருங்கள். ஆதாரும் கிரீன் கார்டும் சட்டைப் பையோடு பேலில் போனால் திரும்ப வராது.

கிழிந்ததையும் கறை பட்டதையும் என்ன செய்வது? இதற்கு இன்னும் நல்ல பதில் இல்லை. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2018 கணக்குப்படி 1.7 கோடி டன் துணிக்கழிவில் 1.13 கோடி டன் மண்ணில் புதைக்கப்பட்டது. மறுசுழற்சிக்குப் போனது 14.7 சதவீதம். மாசசூசெட்ஸ் மாநிலம் 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து துணியைக் குப்பையில் போடவே தடை விதித்திருக்கிறது. கலிஃபோர்னியா 2024-இல் பொறுப்பைத் துணி தயாரிப்பவர் மீது சுமத்தும் சட்டம் கொண்டுவந்தது. எல்லா மாநிலத்திலும் வழி பிறக்கும் வரை, கிழிசலைத் தனிப் பையில் போட்டு 'கந்தல்' என்று எழுதி வைக்கலாமா என்று அட்டையில் உள்ள எண்ணில் கேட்டுப் பார்க்கலாம். சிலர் வாங்கிக்கொள்வார்கள்.

அந்த எண்ணில் பேசும்போது இன்னும் மூன்றைக் கேட்டுவிடுங்கள். லாரி அறக்கட்டளையுடையதா, ஒப்பந்தக்காரருடையதா? பொருளை நீங்களே விற்கிறீர்களா, எடைக்குக் கொடுக்கிறீர்களா? எடைக்கு என்றால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது? பெரும்பாலான அறக்கட்டளைகளின் ஆண்டுக் கணக்கான 990 படிவம் பொதுப் பார்வைக்கு இருக்கிறது, வரித்துறையின் தளத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். ஆனால் இரண்டு நிமிடப் பேச்சில் தெரிவது அதில் இருநூறு பக்கம் புரட்டினாலும் தெரியாது. பதில் மழுப்பலாக இருந்தால் பையைக் கட்டியபடியே வைத்திருங்கள். அடுத்த வாரமே வேறொரு பெயரில் இன்னோர் அட்டை வரும்.